எழுபத்திரண்டாம் வரிசை

உமையாள் அந்தக் கல்லைத் தொட்டிருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழுவெல்லாம் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளிலேயே நான்காவது விதியாக அது இருக்கிறது. ஆனால் ஜெசிந்தா என்று ஒருத்தி தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து எதிரில் உட்காருவாள் என்று அந்தத் தாளில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. விதி எழுதுகிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அங்கே யாரும் வந்து அழுவதில்லை.

கீழமுனைத் துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரிக்கும் டீசல் பங்க்குக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டடம்தான் ஜோடிக்கல் நிலையம். உமையாளுக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். ஆறு வருஷமாக இங்கே கல் கட்டுகிற வேலை. ‘கல் கட்டுவது’ என்பது துறைமுகத்து ஆட்கள் வைத்த பெயர். நிலையத்துக் காகிதங்களில் அதற்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர் இருந்தது, யாரும் சொல்வதில்லை.

இன்னாசியின் படகுக்குக் கல் பொருத்தப் போனபோது அவர் கேட்டார். இருநூற்றெட்டாம் நம்பர் விசைப்படகின் டிரைவர் அவர். நாற்பது வயது, எதையும் கேட்காமல் விடாத ஆள்.

“இத்தினிக்கூண்டு வைரத்துக்கு இம்புட்டுப் பெரிய இரும்புப் பெட்டியா மேடம்?”

“வைரம்னு விக்கப் போனா ஒரு கடையிலயும் வாங்க மாட்டாங்க அண்ணே. தோஷம் உள்ள கல்லு. அந்தத் தோஷம்தான் எங்களுக்கு வேணும். ஒவ்வொரு தோஷத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தம் சுத்திக்கிட்டிருக்கு. ரெண்டு கல்லை ஒரு மெல்லிசான காந்தப் படலத்தோட ரெண்டு முனையில வெச்சு, படலத்துல ஒரு காந்த அலையை ஓட விடுவேன். அலை இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போறப்ப ரெண்டு கல்லுலயும் உள்ள காந்தங்களை ஜோடி ஜோடியா முடிஞ்சு விட்டுரும். அப்புறம் படலத்தை எடுத்துறலாம். முடிச்சு மட்டும் நிக்கும். ஒரு கல்லு உங்க படகுல. இன்னொண்ணு எங்க அலமாரியில.”

“நின்னு என்ன செய்யும்?”

“கல்லுக்குள்ள அந்தக் காந்தங்க வரிசை வரிசையா இருக்கு. மணிக்கு ஒரு வரிசைன்னு உங்க பெட்டி கல்லைப் பார்க்கும். படகு எந்த இடத்துல நிக்குது, எஞ்சின் ஓடுதா இல்லையா, அதை வெச்சு ஒவ்வொரு தடவையும் ஒரு கோணத்துல பார்க்கும். வெளிச்சம், இல்லேன்னா மங்கல், ரெண்டுல ஒண்ணு தெரியும். அது எதுன்னு சாமிக்கே தெரியாது. ஆனா நான் என் கல்லை அதே கோணத்துல பார்த்தா, எனக்கும் அதேதான் தெரியும். நாளைக்கு எவனாவது உங்க பதிவை மாத்தி எழுதினா கோணம் மாறிப்போகும். பாதி சரியா வரும், பாதி தப்பா வரும். திருட்டு தெரிஞ்சுரும்.”

“அப்ப நான் பொய் சொன்னா மாட்டிக்கிருவேன்.”

“அக்கரைக்காரங்க சொன்னா அவங்களும்தான்.”

“அது போதும். பூட்டுங்க,” என்றார் இன்னாசி.

அது அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கரைக்கே போதுமானதாக இருந்தது. பல வருஷமாக ஒரே சண்டை. படகு எல்லையைத் தாண்டியது என்று அக்கரை சொல்லும், தாண்டவில்லை என்று இக்கரை சொல்லும், நடுவில் மனுஷன் ஜெயிலில் கிடப்பான். ஒருவழியாக இரண்டு கரையும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. படகின் கல்லும் கரையின் கல்லும் ஒத்துப்போனால் விடுதலை. ஒத்துப்போகாவிட்டால் பதிவைத் திருத்திய குற்றமும் சேர்ந்து டிரைவருக்கு ஐந்து வருஷம். எட்டு வருஷத்தில் ஒரு கல்கூடப் பிசகியதில்லை. இதற்கு ஒரே நிபந்தனைதான் இருந்தது. ஒரு வரிசையை ஒரு தடவைதான் பார்க்க முடியும். பார்த்த மாத்திரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடும். அதற்குப் பிறகு அது தோஷமுள்ள வைரம், அவ்வளவுதான்.

ஐப்பசியில் இன்னாசி மூன்று பேரோடு போனார். புறப்பட்டு எழுபத்தோராவது மணி நேரத்தில் வயர்லெஸ்ஸில் கடைசியாகப் பேசினார். “எஞ்சின் சூடாகுது. பாத்துட்டுக் கூப்புடுறேன்.” கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் காற்று திரும்பிவிட்டது. பன்னிரண்டு நாள் ஹெலிகாப்டர் பறந்தது, கரைப் படகுகள் டீசல் தீரத் தீரத் தேடின. முப்பதாம் நாள் அரசாங்கம் படகு மூழ்கியதாக அறிவித்தது. மாதா கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே நான்கு பேருக்கும் பூசை வைத்தார்கள். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். இன்னாசியின் மனைவி ஜெசிந்தா பூசைக்கே வரவில்லை.

மறுநாள் நண்டு கம்பெனியில் வேலை முடித்துவிட்டு அவள் நேராக நிலையத்துக்கு வந்தாள். ஓடு உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் வெட்டு. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த விரல்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டாள்.

“மேடம், எங்க வீட்டுக்காரவுக கல்லோட ஜோடி உங்கட்டத்தான இருக்கு?”

“இருக்கு.”

“ஒண்ணுக்கு ஆனது ஒண்ணுக்குத் தெரியும்னு அவுக சொன்னாக. அப்ப அந்தக் கல்லப் பாத்தா அவுக இருக்காகளா இல்லையான்னு தெரியும்ல?”

தெரியாது. இதுதான் பதில். படகு கடல்மேல் இருந்தாலும் கடலுக்கடியில் இருந்தாலும் கரைக் கல் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து அந்தப் பக்கத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. இது இயற்கையின் விதி, நான்காவது விதியைவிட உறுதியானது. உமையாளுக்கு இது மனப்பாடம். ஆனால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“இருக்கார்,” என்றாள்.

ஜெசிந்தா அழவில்லை. “காட்டுங்க,” என்றாள்.

பொய் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். பயிற்சிக்கென்று எந்தப் படகுக்கும் சேராத கற்கள் பத்துப் பன்னிரண்டு மேஜை இழுப்பறையிலேயே கிடந்தன. அதில் ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உமையாளின் கை இழுப்பறை வரைக்கும் போனதும் உண்மை. ஆனால் புருஷனைப் பார்க்க வந்தவளுக்கு ஊர்பேர் இல்லாத கல்லைக் காட்டுவது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொன்னதுதான் பொய், காட்டுவதாவது நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பொய்யிலும் ஒரு நாணயம் பார்க்கிற இந்தப் புத்திதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, இருநூற்றெட்டின் சீலைப் பிரித்தாள். மூழ்கிய படகின் கல்தானே, இனி யாருக்குப் பயன்படப்போகிறது?

“எழுபத்தோராவது மணி வரைக்கும் பேசினாங்க. அதுக்கு அடுத்ததைப் பார்ப்போமா?”

“ஆமா. அதுக்குப் பெறகுதான் எனக்குத் தெரியணும்.”

எழுபத்திரண்டாம் வரிசையின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சினாள். கண்வைத்துப் பார்க்கிற குழலுக்குள் சிவப்பாக ஒரு புள்ளி பூத்தது. நல்ல வெளிச்சம். ஜெசிந்தா ரொம்ப நேரம் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்த உமையாள் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதே கொஞ்சம் பயந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு ஜெசிந்தா மறுபடியும் வந்தாள். அன்றைக்கு எழுபத்து மூன்றாம் வரிசை. புள்ளி மங்கலாக இருந்தது.

“ஏன் மேடம் மங்கிருச்சு?”

“அது அப்படித்தான். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்.”

“சாப்புட்டிருக்க மாட்டாக,” என்றாள் ஜெசிந்தா.

அன்றிலிருந்து தினமும் ஒரு வரிசை. ஒரு வாரம் போன பிறகுதான் உமையாளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெளிச்சமான நாளில் ஜெசிந்தா வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குகிறாள், மங்கலான நாளில் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். மறுநாள் வந்து உட்காருகிற விதத்திலேயே அதைச் சொல்லிவிடலாம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போன்ற ஒரு விஷயம், ஒரு பெண்ணின் வயிற்றைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை நான்கு நாள் தொடர்ந்து மங்கல். ஐந்தாம் நாள் ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உமையாள் மனசுக்குள் கடவுளை வேண்டிக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டாள். வெளிச்சம். ஆறு வருஷமாகக் கல் கட்டுகிறவள், காந்த அலையின் நீள அகலம் தெரிந்தவள், ஒரு பூவா தலையாவுக்காகச் சாமி கும்பிட்டாள்.

மற்ற நேரத்திலும் அந்தச் சிவப்புப் புள்ளி அவளை விடவில்லை. பஸ்ஸின் பின்விளக்கில் தெரிந்தது, அடுப்பில் ஊதுவத்தி முனையைப் பற்ற வைத்தால் அதில் தெரிந்தது. இன்னாசி அலமாரிக்குள்ளிருந்து, “பூட்டுங்க,” என்று சொல்வதுபோல இருக்கும். செத்துப்போன மனுஷனை வைத்து நாடகம் ஆடுகிறோமே என்று கூசும். நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைப்பாள். மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்துவிடுவாள்.

இருபத்து நான்காம் நாள் மூன்று மணிக்கு அவள் வரவில்லை. பதிலாகத் துறைமுகத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது.

நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். எஞ்சின் நின்று, காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப்போய் அக்கரைக் கடலில் ஆளில்லாத ஒரு மணல் திட்டில் தட்டி நிறுத்தியிருந்தது. மழைத்தண்ணீரையும் மீனையும் வைத்து உயிர் பிடித்திருந்தார்கள். அக்கரை ரோந்துக்காரர்கள் கண்டெடுத்து, முதலில் ஆஸ்பத்திரிக்கும் பிறகு எல்லை தாண்டியதற்காக ஜெயிலுக்கும் கொண்டுபோயிருந்தார்கள்.

ஊரே நிலையத்துக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா உமையாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஊரே செத்துட்டாகன்னு சொன்னப்ப இவுக ஒருத்தவுகதான் இருக்காகன்னு சொன்னாக,” என்று எல்லோரிடமும் சொன்னாள். உமையாளுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அவள் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது, அதற்குள் அவள் செய்த காரியம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மூன்று வருஷத்துக்கு முன், ஐந்து வருஷத்துக்கு முன் படகோடு போனவர்களின் வீட்டுப் பெண்கள். ஆளுக்கொரு காகிதத்தில் படகு நம்பர். தெரசம்மாள் என்பவள் முன்னால் வந்தாள். மகனைக் கடலுக்குக் கொடுத்து ஆறு வருஷம் ஆனவள்.

“அம்மா, அது ஒண்ணும் சொல்லாது. வெறும் வெளிச்சம்,” என்றாள் உமையாள்.

“ஜெசிந்தாவுக்குச் சொல்லுச்சே.”

“நான் அவங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

“அப்ப எனக்கும் அந்தப் பொய்யச் சொல்லுங்க,” என்றாள் தெரசம்மாள். காகிதத்தை நீட்டியபடியே நின்றாள்.

நிலைய அதிகாரி தில்லைநாயகம் இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற, சத்தம் போடாத மனிதர். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தக் கல்லு?”

“இருநூத்தியெட்டு சார்.”

“எந்த வரிசை?”

“எழுபத்திரண்டுல இருந்து தொண்ணூத்திநாலு வரைக்கும்.”

அவர் உட்கார்ந்தார். கணக்குப் போட அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. படகின் பெட்டி, எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரியில் இருபத்தாறு மணி நேரம் ஓடியிருப்பதாக அக்கரையிலிருந்து தகவல் வந்திருந்தது. எழுபத்திரண்டிலிருந்து தொண்ணூற்றேழு வரை. வழக்கே அந்த இருபத்தாறு மணி நேரத்தைப் பற்றித்தான். எஞ்சினை ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினாரா, எஞ்சின் செத்து மிதந்து போனாரா? மிதந்து போனார் என்றால் அன்றைக்கே விடுதலை. அதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் உமையாள் தினம் ஒரு வரிசையாக எரித்திருந்தாள்.

“பச்சை வெளிச்சம் பட்ட வரிசை எல்லாம் இப்ப ஒரே மாதிரி வெளிச்சமாத்தான் தெரியும்,” என்றார் தில்லைநாயகம். “படகோட பதிவுல பாதி மங்கல் இருக்கும். பாதிக்குப் பாதி ஒத்துப் போகாது. இன்னாசி பதிவைத் திருத்திட்டான்னுதான் எழுதுவாங்க. அஞ்சு வருஷம்.”

“நான் பார்த்துட்டேன்னு சொல்லிடறேன் சார்.”

“சொன்னா? சீல் உடைஞ்ச வரிசை செல்லாது. மிச்சம் மூணு வரிசை. சட்டப்படி குறைஞ்சது பத்து வரிசை வேணும். பதிவைத் திருத்தின குற்றம் போகும், எல்லை தாண்டின குற்றம் நிக்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொண்ணையும் யோசி. கரையிலயே ஒருத்தி சீலைப் பிரிச்சிருக்கான்னு தெரிஞ்சா, அப்புறம் எந்தப் படகோட கல்லை அவங்க நம்புவாங்க? முன்னூறு படகு இருக்கு. ஒரு ஆளுக்காக அத்தனை பேரையும் விடறதா? நீ காட்டினது பயிற்சிக் கல்லுன்னு சொல்லிடு. நானும் அதையே சொல்றேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனாலேயே உமையாளுக்குப் பதில் சொல்ல நேரமாயிற்று. கடைசியில், “அந்த ஆளுக்கு அஞ்சு வருஷம் சார்,” என்றாள். “என் கையால.”

முதலில் ஜெசிந்தாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. நண்டு கம்பெனி வாசலில், வேலை விட்டு வருகிற நேரத்துக்குப் போய் நின்றாள். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்தாள். கவர் நிறைய நண்டுச்சதை, மேடத்துக்கென்று எடுத்து வைத்தது. உமையாள் அதை வாங்கிக்கொள்ளாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கல்லால் எதுவும் தெரியாது என்பதை, தனக்கு அது முதல் நாளே தெரியும் என்பதை, பார்த்தால் கெட்டுவிடும் என்பதை, கெட்டதன் விலையை.

ஜெசிந்தா இரண்டு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டாள்.

“அப்ப அவுக இருக்காகன்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது. போயிட்டார்னுதான் நினைச்சேன்.”

“நெனச்சுக்கிட்டே எங்கிட்ட இருக்காகன்னீக.”

“ஆமா.”

“நான் புருஷனக் காணாதவ. பித்துப்பிடிச்சுப்போய் வந்து கேட்டேன். நீங்க படிச்சவுக. நான் கேட்டா எடுத்துக் குடுத்துருவீகளா மேடம்?” குரல் உயரவேயில்லை. “அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லி வெரட்டிவிட்டிருந்தா, மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருப்பேன். இன்னிக்கு அவுக வீட்டுல இருப்பாக.”

நண்டுச்சதைக் கவரை அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். உமையாள் அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பத்து நாள் கழித்து அக்கரையிலிருந்து சிவநேசராசா என்ற அதிகாரி படகின் பதிவோடு வந்தார். நடுத்தர வயது, நிதானமான ஆள். கல்லைப் பார்க்கிற அறையிலேயே விசாரணை நடந்தது. இன்னாசி குடும்பத்தின் சார்பில் ஜெசிந்தா சுவரோரம் நின்றாள். உமையாள் பக்கம் அவள் திரும்பவில்லை.

சீல் வைத்த உறையை எடுப்பதற்கு முன்பே உமையாள் எழுந்து சொல்லிவிட்டாள். தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். சிவநேசராசா பேனாவைக் கீழே வைத்தார்.

“இருபத்து மூண்டு வரிசையும் நீங்களே பாத்திட்டியளோ?”

“ஆமா சார்.”

“எந்தக் கோணத்தில?”

“கோணம் எதுவும் வைக்கல. நேராத்தான் பார்த்தேன்.”

“எழுதி வைச்சிருக்கிறியளோ?”

“இல்ல சார். எழுதினா தடயம் ஆயிடும்னு எழுதல.”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி. நடைமுறைக்காக நான் பதிவை வாசிக்கத்தான் வேணும்.” உறையைப் பிரித்தார். அதுவரை அது அக்கரைச் சீலோடுதான் இருந்தது, எவர் கையும் பட்டதில்லை. தாளை விரித்ததும் அவர் புருவம் சுருங்கியது. “எழுபத்திரண்டில இருந்து எல்லாமே நேர்க்கோணம். எஞ்சின் நிண்டதால பெட்டிக்கு ஒரு தகவலும் வரேல்லை எண்டு பதிவு சொல்லுது. தகவல் வராட்டி அது நேராத்தான் பாக்கும்.” வாசிக்கத் தொடங்கினார். “எழுபத்திரண்டு, வெளிச்சம். எழுபத்து மூண்டு, மங்கல். எழுபத்து நாலு…”

“மங்கல்,” என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சொன்னாள்.

சிவநேசராசா தாளைப் பார்த்தார். பிறகு அதை நெஞ்சோடு சேர்த்து, எழுத்து வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டார். “அடுத்தது சொல்லுங்கோ அம்மா.”

“அதுக்கு மறுநா வெளிச்சம். அன்னிக்கு வெள்ளிக்கெழம, கஞ்சி காச்சுனேன். அதுக்கு மறுநாளும் வெளிச்சம். பெறகு நாலு நா மங்கல். அஞ்சாம் நா எந்திரிக்க முடியல, சொவத்தப் புடிச்சுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு வெளிச்சம்.”

அவளுக்கு எல்லா நாளும் தெரிந்திருந்தது. எந்த நாள் சோறு, எந்த நாள் பட்டினி என்று வயிறு கணக்கு வைத்திருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். சிவநேசராசாவின் விரல் தாளில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இருபத்து மூன்றாவதைச் சொல்லி முடித்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது.

“ஒண்டும் பிசகேல்லை,” என்றார்.

உமையாளுக்கு அப்போதுதான் புரிந்தது. நடுக்கடலில் செத்துப்போன எஞ்சினோடு மிதந்த படகில் பெட்டி நேராகப் பார்த்தது. இங்கே அவளும் நேராகத்தான் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே கோணம். அதனால் ஒவ்வொரு வரிசையும் ஒத்திருந்தது. எஞ்சின் ஓடியிருந்தால் கோணம் மாறியிருக்கும், பாதிதான் பொருந்தியிருக்கும். இருபத்து மூன்றும் குருட்டாம்போக்கில் பொருந்துவதற்கு எண்பத்து மூன்று லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இன்னாசி பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

“அப்ப விட்டுருவீகளா?” என்றாள் ஜெசிந்தா.

சிவநேசராசா தாளை மடித்து உறைக்குள் வைத்தார். “எனக்கு விளங்குது அம்மா. இதை நான் எப்பிடி எழுதுறது? சீல் உடைச்ச கல்லு. பாத்ததுக்கு ஒரு எழுத்து இல்லை. சொல்லுறது வழக்கில மாட்டின ஆளின்ர மனுசி. கோர்ட்டில இது சாட்சியே இல்லை.” மீதமிருந்த மூன்று வரிசைகளை அவரே விளக்குப் போட்டுப் பார்த்தார். மூன்றும் ஒத்துப்போயின. மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது ஜெசிந்தாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. மற்ற மூன்று பேரும் வீடு வந்தார்கள். டிரைவருக்குப் பதினெட்டு மாதம். படகு அக்கரையிலேயே பறிமுதல். பதிவைத் திருத்திய குற்றம் இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். உமையாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தில்லைநாயகம் பயந்தபடி மற்ற படகுகளுக்கும் தொல்லை வந்தது. இனி கரைக் கல் அக்கரையிலிருந்து வருகிற ஆளின் பூட்டில்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

சாவியை ஒப்படைக்க அவள் கடைசியாக நிலையத்துக்கு வந்த அன்று மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். விசாரணைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசியதில்லை.

“ஒண்ணு கேக்கணும். நான் மங்கல் பாத்தப்பல்லாம் அங்கயும் மங்கல்தான?”

“ஆமா.”

“வெளிச்சம்னா வெளிச்சம்.”

“ஆமா ஜெசிந்தா.”

“அப்ப நான் பாத்தது அவுகளத்தான்.”

உமையாள் இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லத் தீர்மானித்திருந்தாள். “அது அவர் இல்ல. கல்லு. அவர் சாப்பிட்டாரா, பட்டினி கிடந்தாரான்னு அதுக்குத் தெரியாது. நீங்க பார்க்கறதுக்கு ஒரு மாசம் முந்தியே அங்க பெட்டி பார்த்து முடிச்சிருச்சு.”

“இருக்கட்டும்,” என்றாள் ஜெசிந்தா. அதை அவள் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. “பதினெட்டு மாசம் இருக்கு மேடம். பாக்கவும் விட மாட்டாக, பேசவும் விட மாட்டாக. அந்தக் கல்லுல இன்னும் வரிசை மிச்சமிருக்கா?”

மிச்சமிருந்தது. ஒரு கல்லில் நானூற்றெண்பது வரிசை. பேட்டரி தீர்ந்த பிறகு படகின் பெட்டி எதையும் பார்க்கவில்லை. முந்நூற்று எண்பத்து மூன்று ஜோடி, அக்கரைக் கிடங்கில் பாதியும் இந்த அலமாரியில் பாதியுமாக, யார் கண்ணும் படாமல் பிணைந்து கிடந்தன. வழக்கு முடிந்துவிட்டது. அந்த வரிசைகளால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இன்றைக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினால் யாருக்கும் கெடுதலும் இல்லை. சாவி உமையாளின் கையில்தான் இருந்தது. எதிரில் அந்த விரல்கள் மேஜைமேல் விரிந்து கிடந்தன.

“இல்ல,” என்றாள் உமையாள். “எல்லாம் தீர்ந்துபோச்சு.”

ஜெசிந்தா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதையும் நம்பினாள்.